தட்டுக்குள் ஒரு பட்டாளம்

எனக்குத் தட்டுப் பைத்தியம் பிடித்தது ஒரு சாயப்பட்டறையில். அறுபதுகளின் நடுவில், எனக்கு இருபத்தேழோ இருபத்தெட்டோ வயது. காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போடுவது என் தொழில். பார்டரில் ஓடும் அன்னமும் முந்தியில் நிற்கும் யாளியும் தறிக்குப் போவதற்கு முன்னால், கட்டம் கட்டமான கிராப் தாளில் என் கையால் வரையப்பட வேண்டும். ஒரு கட்டம் என்றால் ஒரு இழை. நான் ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பிவிட்டால் அன்னத்துக்கு மூக்கு உடையும். அப்புறம் சேலை முழுக்க மூக்குடைந்த அன்னங்களாகவே வரிசை கட்டி வரும். அதனாலோ என்னவோ எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். "ஏறக்குறைய சரிதான்" என்று யாராவது சொன்னால் இன்னும் சீக்கிரம் வரும்.

அன்றைக்கும் சண்டை போடத்தான் போயிருந்தேன். சாயக்காரர் என் பள்ளித் தோழர். அரக்கு நிறம் கேட்டிருந்த இடத்தில் செங்கல் நிறத்தில் பட்டு வந்திருந்தது. கொப்பரையில் சாயம் கொதித்துக்கொண்டிருக்க, அவர் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் இரண்டு சொட்டு விட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாருபா, இது அரக்கு இல்லேன்னா வேற எதுபா அரக்கு?"

நான் நிறத்தைப் பார்க்கவில்லை. சாயத்துக்கு அடியிலிருந்து ஒருவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தட்டைப் பிடுங்கித் தொட்டித் தண்ணீரில் கழுவினேன். துடைப்பத்தைக் குறுக்கே ஒட்டிவைத்த மாதிரி மீசை. தலையில் கவிழ்த்த சட்டி போல ஓர் இரும்புத் தொப்பி. அவன் ஒரு குழிக்குள் உட்கார்ந்து, தகரக் குவளையில் எதையோ குடித்துக்கொண்டிருக்கிறான். தலைக்கு மேலே பீரங்கிக் குண்டு ஒன்று வந்துகொண்டிருக்கிறது. அவன் முகத்தில் பயம் இல்லை. பஸ் வராத எரிச்சல்தான் இருக்கிறது. படத்துக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி. என் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படித்தேன். "கதவைத் தட்டிவிட்டு வரக்கூடாதா?" என்று அவன் குண்டைப் பார்த்துக் கேட்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே உடம்பு சில்லிட்டது. அடுத்த நொடி அவன் சாகப்போகிறான். அதை ஒருவன் சிரிக்கச் சிரிக்க வரைந்திருக்கிறான். அந்த மீசைக்கு ஆறே கோடுதான், எண்ணிப் பார்த்தேன். நான் ஒரு மயிலின் கொண்டைக்கு இருநூறு கட்டம் நிரப்புகிற ஆள். என் மயில்களில் ஒன்றுகூட இப்படி உயிரோடு என்னைப் பார்த்ததில்லை. எங்கள் தொழிலில் யாளியானாலும் சரி, யானையானாலும் சரி, எல்லாமே முகத்தை இறுக்கிக்கொண்டுதான் நிற்கும்.

வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து கொடுத்து அந்தப் பீங்கானை வாங்கிக்கொண்டேன். அரக்குச் சாயம் ஓரத்து விரிசலில் ஏறியிருந்தது. அது கடைசி வரை போகவில்லை.

பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு முத்திரை. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். முதல் உலகப் போரின்போது, ஆண்களெல்லாம் போர்க்களத்தில் பள்ளம் தோண்டி உட்கார்ந்திருந்த குளிர்காலத்தில், சீமையில் ஒரு பீங்கான் ஊரின் பெண்கள் செய்த தட்டாம் இது. எந்தப் பெண்ணின் கை இந்தக் களிமண்ணைப் பிசைந்ததோ, அவளுடைய ஆள் அந்தக் குழியில் இருந்திருப்பானோ என்று யோசித்துக்கொண்டே தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு விளங்காத விஷயம் ஒன்றுதான். இவ்வளவு நல்ல படத்தை ஏன் கொண்டுபோய்த் தட்டின் நடுவில் போட்டார்கள்? சோற்றைக் கொட்டினால் மறைந்துவிடாதா?

தேட ஆரம்பித்தால் கிடைக்காமல் போகாது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியபோது விட்டுப்போன பீங்கான்கள் ஊரில் என்னென்னவோ வேலை பார்த்துக்கொண்டிருந்தன. செவிலிமேட்டில் ஒரு வீட்டு வாசலில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த சாசரில் என் மீசைக்காரன் கழுத்தளவு தண்ணீரில் நின்றான். படத்திலும் அவன் கழுத்தளவு தண்ணீரில்தான் நின்றான் என்பது கோழியை விரட்டிவிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு சவரக்கடையில் சோப்பு நுரைக்கும் கோப்பையில் இருந்தான். கடைக்காரர் விடவில்லை. "இந்த மீசைய பாத்துட்டுத்தான்பா பாதி பேரு உள்ள வரான்" என்றார். ஒரு வருஷம் வாரத்துக்கு இரண்டு தரம் தேவையில்லாமல் சவரம் செய்துகொண்டு காத்திருந்தேன், முகம் எரிந்ததுதான் மிச்சம். கடைசியில் கோப்பையின் காது உடைந்ததும் அவரே கூப்பிட்டுக் கொடுத்தார். மெட்ராஸுக்கு டிசைன் கொண்டுபோகும் நாட்களில் பழைய சாமான் கடைகளில் புகுந்து இரண்டு பிடித்தேன். இப்படியாகப் பதினொன்று சேர்ந்தது.

எல்லாவற்றையும் பழைய டிசைன் அட்டைகள் வைக்கும் மரப்பெட்டியில், கிழிந்த சேலைத் துணி சுற்றி அடுக்கிவைத்தேன். அதில் ஒரு பருக்கை சோறு படவிட்டதில்லை. வீட்டுக்காரிக்கு இது பெரிய வேடிக்கை. எனக்குச் சோறு போடும்போதெல்லாம் பெட்டி இருக்கும் மூலையைப் பார்த்து, "இன்னாங்க, உங்க பட்டாளம் சாப்ட்டாச்சா?" என்பாள். ஆரம்பத்தில் முறைத்தேன். அப்புறம் பழகிவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் பெட்டியைத் திறந்துகாட்டிப் படத்துக்குக் கீழே இருக்கும் வரிகளைத் தமிழில் சொல்வேன். மரியாதைக்குச் சிரிப்பார்கள். என் பைத்தியத்துக்காகச் சிரிக்கிறார்கள் என்று தெரியும்.

இப்படி இருக்கும்போது ஒரு கார்த்திகை மாதம், முப்பது வயதிருக்கும் ஒரு கொத்தனார் என்னைத் தேடி வந்தார். பழைய இரும்புக்கடைக்காரர் அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தார்.

"தட்டு சேக்கறவரு நீங்கதானே சார்? படம் போடறதும் நீங்கதானாமே?"

விஷயத்தைச் சொன்னார். அவருக்கு ஊர் தாமல். அவருடைய அம்மாவைப் பெற்ற தாத்தா, முதல் சண்டையில் மண் வெட்டும் பட்டாளத்துக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டாராம். தை மாதம் அவருக்குப் படையல் போடும் இடத்தில், ஏரிக்கரை வேப்பமரத்தடியில் ஒரு கல் நட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கல்லில் உருவம் வெட்ட ஆள் இருக்கிறார். ஆனால் உருவத்தைத் தாளில் அளவாக வரைந்து கொடுத்தால்தான் அப்படியே வெட்ட முடியும் என்கிறார்.

"போட்டோ இருக்கா?" என்றேன்.

"தட்டுல இருக்குது சார். சர்க்கார்ல ஆள் கையில குடுத்து அனுப்பிச்சது. பெரிய மீசை வச்சிக்கினு, தலையில சட்டிய கவுத்துக்கினு சேத்துல நிப்பாரு எங்க தாத்தா."

நான் அவருக்கு நேரே நகர்ந்து உட்கார்ந்தேன்.

"தட்டு எவ்ளோ பெரிசுபா?"

"மொறம் மாதிரி இருக்கும் சார், நீட்டுவாக்குல."

அந்த அளவில் ஒன்றை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய தாத்தாவைப் பற்றி ஒரு விநாடிகூட நான் நினைக்கவில்லை. முறம் அளவுத் தட்டைப் பற்றித்தான் நினைத்தேன். எடுத்துவரச் சொன்னேன். அவர் தலையாட்டி மறுத்தார். தட்டை வீட்டுக்கு வெளியே எடுக்கக் கூடாதென்று அவருடைய ஆயா, அம்மாவின் அம்மா, சாகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தாராம்.

மறுநாளே தாமலுக்கு பஸ் ஏறினேன். ஒரு பையில் கிராப் தாளும் பென்சிலும். இன்னொரு பையில், வீட்டுக்காரிக்குத் தெரியாமல் எடுத்த பெரிய எவர்சில்வர் தாம்பாளம். பீங்கானுக்குப் பதில் எவர்சில்வர் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதுதான் என் வழக்கம்.

ஊருக்கு வெளியே, ஏரிக்கு அந்தப் பக்கம் காலனி. கொத்தனாரின் அம்மா நடவிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். முழங்கால் வரை சேறு. என்னை உட்காரச் சொல்லி ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அந்த நாளில் எங்கள் தெரு ஆட்கள் அங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். என் கை ஒரு நொடி நின்றது. அவர் அதைப் பார்த்தார். பிறகு வாங்கிக் குடித்தேன். அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மாடத்தில் இருந்தது தட்டு. செவ்வந்திப் பூ சரம் போட்டு, சந்தனம் தடவி, இரும்புத் தொப்பியின் நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். இடுப்பளவு சேற்றில் இரண்டு பேர். ஒருவன் சின்னப் பையன், மீசை முளைக்காதவன். பக்கத்தில் என் மீசைக்காரன். ஐம்பது வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துடைத்துத் துடைத்து அவன் கன்னத்தில் சாயம் தேய்ந்து, வெள்ளை தெரிந்தது. குங்குமம் அவனுக்கு மட்டும்தான் இருந்தது.

நான் பதினொரு மீசைக்காரர்களைப் பார்த்தவன். ஆனால் அந்த மாடத்துக்கு முன்னால் என் கை தானாகவே கூப்பிக்கொண்டது. நான் அவனைப் பெட்டியில் பூட்டிவைத்திருந்தேன். இங்கே அவன் இந்த வீட்டுக்கு அப்பாவாக இருந்தான்.

"நான் வயித்துல இருக்கசொல்ல போனவருப்பா" என்றார் அந்த அம்மா. "மொகமே தெரியாது. கூடப் போன ஒருத்தரு திரும்பி வந்து, ஒரு கம்பளியும் இந்தத் தட்டும் குடுத்துட்டு, இதான் மிச்சம்னாராம். அவரும் அடுத்த மாசமே காய்ச்சல்ல பூட்டாரு. திருப்புட்குழில ஒரு வூட்டுக்கு வெங்கலத்துல பேரு போட்டு வில்லை வந்துது. அந்த வூட்டு ஆம்பளையும் சண்டையில செத்தவருதான். நமக்கு உருவத்தோடயே வந்துக்குதுன்னு எங்கம்மா சொல்லும். அப்பாருக்கு மீசை பெரிசுன்னும் சொல்லும்."

எனக்கு எல்லாம் புரிந்தது. அந்தக் கூட்டாளி வழியில் எந்தத் துறைமுகத்திலோ, எந்த முகாமிலோ சிரித்துக்கொண்டே வாங்கிய தட்டாக இருக்கும். இறந்தவருடையதாகவும் இருக்கலாம். அது இனி யாருக்கும் தெரியாது.

தாளைத் தொடையில் விரித்து வரைய ஆரம்பித்தேன். தொப்பி முடிந்தது, மீசையின் ஆறு கோடும் முடிந்தது. அந்த அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி ஒருத்தி, ஆறேழு வயதுப் பெண், பாவாடையைச் சுருட்டிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"கீழ எழுதிக்கிறாங்களே, அதையும் அப்படியே போட்டுடுப்பா. ஒரு எழுத்தும் வுட்டுறாதே. கல்லுல அதையும் வெட்டணும்."

"அது என்னம்மா எழுதியிருக்கு?" என்றேன். எனக்குத் தெரியாதது போல.

"எந்த ஊருல செத்தாருன்னு எழுதியிருக்கும். வில்லையில பேரு போட்டாங்கன்னா, இதுல ஊரு போட்டிருக்க மாட்டாங்களா? வாத்தியாரு காலனிக்குள்ள வரமாட்டாரு, தட்டு வெளிய போவாது. அந்த ஊரு பேரு ஒண்ணு தெரிஞ்சா போதும்பா எனக்கு. எந்தப் பக்கம் பாத்துக் கும்புடறதுன்னு தெரியாமயே எங்கம்மா பூட்டாங்க."

பென்சில் நின்றுவிட்டது. கீழே இருந்தது ஊர்ப் பெயர் இல்லை, ஒரு ஜோக். அதைக் கல்லில் வெட்டி வேப்பமரத்தடியில் நடப்போகிறார்கள்.

பேசாமல் வரைந்து கொடுத்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? அந்த அம்மா அந்தக் கூட்டெழுத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, எந்தத் திசையென்று தெரியாமலேயே திருப்தியாகக் கும்பிட்டுவிட்டுப் போவார். நியாயமாகத்தான் பட்டது. அப்போது எதிரே இருந்த பேத்தி என் தாளை எட்டிப் பார்த்து, தட்டிலிருந்த முதல் எழுத்தைத் தரையில் விரலால் எழுதி, "டபிள்யூ" என்றாள். பள்ளிக்கூடம் போகிற பெண். இன்னும் நாலைந்து வருஷத்தில் அவளே கல்லுக்கு முன்னால் நின்று முழுசும் படித்துவிடுவாள். அந்த அம்மா உயிரோடு இருக்கும்போதே படித்துவிடுவாள்.

"அம்மா, இது உங்கப்பா இல்லமா" என்றேன்.

கொத்தனார் விருட்டென்று எழுந்தார். "இன்னா சார் சொல்றே? அம்பது வருசமா கும்புட்டுக்கினு இருக்கோம், நீ வந்து ஒரு நாள்ல இல்லேன்றியா? தட்டு மேல ஆசை வச்சிக்கினு பேசறியா?"

அவர் சொன்னது பொய்யில்லை. பையிலிருந்த தாம்பாளம் என் காலில் இடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா மகனைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவர் நிறுத்தினார்.

"நீ சொல்லுப்பா."

"வெள்ளக்காரன் ஒருத்தன் சிரிக்கறதுக்காக வரைஞ்ச படம்மா. இந்த மீசைக்காரன் நிஜ ஆளே இல்ல. சண்டை நடக்கும்போது ஜனங்க மனசு விட்டுப் போகக் கூடாதுன்னு இவனை வரைஞ்சு தட்டுல போட்டாங்க. எங்க வீட்ல இவன் பதினோரு சாமான்ல இருக்கான்."

"பதினொண்ணா?"

"ஆமாமா."

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. நான் ஒரு வீட்டின் அப்பாவை இரண்டாம் முறை கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அதற்குள் அவர் கேட்டார்.

"அப்போ கீழ இன்னாதான் எழுதிக்குது?"

"ஊர் இல்லமா."

"ஊரு இல்லேன்னு தெரியுது. இன்னா எழுதிக்குது?"

"அந்தச் சின்னப் பையன் கேக்கறான், 'நாம எப்போ வீட்டுக்குப் போவோம்'னு. மீசைக்காரன் சொல்றான், 'இந்தச் சேறு காஞ்சதும் போலாம்'னு."

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். முழங்கால் வரை ஏறியிருந்த நடவுச் சேறு, மேலே வெளுத்தும் பாதத்தில் இன்னும் ஈரமாகவும் இருந்தது. அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"காயுமா அது?" என்றார். "சேறு காயுதாம்! கேக்கறவன் பச்சப்புள்ள, சொல்றவனுக்குக் கொழுப்பைப் பாரு!" வாயை முந்தானையால் பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகனுக்கும் உதடு துடித்தது. என்ன ஏதென்று தெரியாமல் பேத்தியும் சிரித்தாள்.

நான் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ வரிகளைப் படித்துக் காட்டியிருக்கிறேன். ஒருவரும் இப்படிச் சிரித்ததில்லை. எனக்கே அந்த வரி ஒரு வரிதான், நான் சேற்றில் நின்றவன் இல்லை. எங்கேயோ ஒருவன் குளிரில் வெடவெடத்துக்கொண்டு நினைத்த ஒரு ஜோக், கடல் தாண்டி, ஐம்பது வருஷம் பூவுக்கும் குங்குமத்துக்கும் பின்னால் காத்திருந்து, கடைசியில் சேறு தெரிந்த ஒருத்தரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

சிரிப்பு தானாக நின்றது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அதான் வரல போல" என்றார். "காஞ்சிருக்காது."

வெளியே நடவு முடித்த பெண்கள் பேசிக்கொண்டே போனார்கள்.

பிறகு அவரே எழுந்து, பூச்சரத்தை விலக்கி, தட்டை மாடத்திலிருந்து எடுத்து என் மடியில் வைத்தார். "பின்னாடியும் ஏதோ இருக்குதுப்பா. அதையும் படிச்சிடு." எனக்கு மனப்பாடமான முத்திரை. ஆண்கள் சண்டைக்குப் போயிருந்தபோது பெண்கள் செய்த தட்டு இது என்று சொன்னேன்.

"அந்தப் பொம்பளைங்களோட ஆளுங்க திரும்பி வந்தாங்களா?"

"தெரியலமா."

அவர் தலையை ஆட்டினார். தட்டை முந்தானையால் துடைத்து மறுபடி மாடத்தில் சாத்தினார். குங்குமச் சிமிழைத் திறந்து மீசைக்காரனுக்கு வைத்தார். விரலை எடுக்காமல் ஒரு நிமிஷம் நின்றவர், பக்கத்திலிருந்த அந்தச் சின்னப் பையனுக்கும் வைத்தார். "எங்கப்பன் இல்லாட்டி போவட்டும். கூட நின்னவங்கதானே" என்றார். என்னைப் பார்த்துத் திரும்பி, "வரைப்பா, ஏன் நிறுத்திட்டே? படம் அதேதான். கீழ எங்கப்பா பேரைப் போடு. அந்தப் பேச்சையும் தமிழ்ல போடு. படிக்கற பசங்க சிரிக்கட்டும்" என்றார்.

அவர் அப்பா பெயரை ஒருமுறை சொன்னார். நான் எழுதினேன். எழுத்து ஒவ்வொன்றையும் கட்டம் எண்ணி எண்ணி வரைந்தேன். எந்தச் சேலைக்கும் நான் அவ்வளவு கவனமாகக் கட்டம் நிரப்பியதில்லை. கிளம்பும்போது அவர் வாசல் வரை வந்தார்.

"உன் வூட்டுல இவன் கூட்டாளிங்க பதினோரு பேரு இருக்காங்கன்னியே, படையலுக்கு அவங்களையும் இட்டாந்துடுப்பா. பாவம், பெட்டியில எவ்ளோ நாளு பட்டினி கெடப்பாங்க?"

வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். வீட்டுக்காரி முழுக்கக் கேட்டுவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. தாம்பாளம் எங்கே போயிருந்தது என்றும் கேட்கவில்லை. மறுநாள் பழைய சேலைகளைக் கிழித்து எல்லாவற்றுக்கும் புது உறை தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

தை மாதம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பெட்டியை மடியிலும் அந்தத் தாம்பாளத்தைப் பையிலும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் ஒவ்வொரு குலுக்கலுக்கும் டிரைவரைத் திட்டினேன். வேப்பமரத்தடியில் கல் நட்டிருந்தார்கள். என் மீசைக்காரன் கருங்கல்லில் இன்னும் முரட்டுத்தனமாக, இன்னும் நன்றாக இருந்தான். முறம் அளவுத் தட்டு மாடத்திலேயேதான் இருந்தது. அவனுக்கு வீட்டுக்குள் தனியாகப் படைத்துவிட்டு வந்திருந்தார்கள். கல்லுக்கு முன்னால் வாழை இலை போட்டு, அதைச் சுற்றி என் பதினொன்றையும் அந்த அம்மா வரிசையாக வைத்தார். நான் கொண்டுபோன தாம்பாளத்தில் பூவும் பழமும் வைத்தார். பிறகு ஒவ்வொரு தட்டிலும் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை. காதுடைந்த சவரக் கோப்பையில் சாராயம். என் கண் முன்னாலேயே ஒவ்வொரு முகமாகச் சோற்றுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

கற்பூரம் காட்டி முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். பெரியவர்களுக்கு இலை, பிள்ளைகளுக்குத் தட்டு. நான் பதைபதைப்போடு தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அது நடந்தது. ஒரு பிள்ளை கவளம் எடுத்தது, சோற்றுக்கு நடுவிலிருந்து தொப்பியின் விளிம்பு எட்டிப் பார்த்தது. இன்னொரு கவளம், மீசை வந்தது. பிள்ளை வாயில் சோற்றோடு கத்தியது. பக்கத்துப் பிள்ளை தன்னுடையது யாரென்று பார்க்க அவசர அவசரமாக அள்ளித் தின்றது. "எனக்கு வந்துட்டான்! எனக்கு வந்துட்டான்!" என்று வரிசை முழுக்க ஒரே கூச்சல். மண்ணுக்குள்ளிருந்து ஒவ்வொருவனாகத் தலையைத் தூக்கி வெளியே வந்தான். இத்தனை வருஷம் எனக்கு விளங்காதது விளங்கிவிட்டது. இதற்காகத்தான் தட்டின் நடுவில் வரைந்தார்கள். சாப்பிட்டால்தான் அவன் வருவான். நான் ஒருநாளும் அவனை வரவிட்டதில்லை. வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து, என் இலையில் இருந்தது எதுவும் எனக்கு இறங்கவில்லை.

அந்த அம்மா கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பேத்தி, அரக்கு விரிசல் விழுந்த என் முதல் தட்டில் சாப்பிட்டாள். ஒரு பருக்கை விடாமல் வழித்துவிட்டு, கழுவக்கூடக் கொடுக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்த அம்மா அதட்டினார். அதட்ட வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் வீட்டுக்காரி உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்து அடுக்கினாள். கோப்பையின் உள்ளே முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஒரு சாசரின் அடியில் காய்ந்து ஒட்டியிருந்த பருக்கையை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"இன்னாங்க, உங்க பட்டாளம் சாப்ட்டாச்சா?"

"சாப்ட்டாச்சு" என்றேன்.

அவள் பெட்டியை மூடப்போனவள், நிறுத்தி, விரல்விட்டு எண்ணினாள். "பத்துதானே இருக்குது. ஒருத்தனைக் காணமே?"

"தாமல்ல இருக்கான்" என்றேன். "சேறு காஞ்சதும் வருவான்."